விர்ச்சுவல்பாக்ஸுக்குள் பிஎஸ்2 எமுலேட்டர் தவழ்கிறது: அடைப்பு எங்கே?

சேவ்பாயின்ட்

வணக்கம் நண்பர்களே. என் கணினியில் இருப்பது லினக்ஸ் மின்ட். ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட்டு (கணினிக்குள் இன்னொரு கற்பனைக் கணினியை, அதாவது விஎம்-மை ஓட்டும் நிரல்), உள்ளே விண்டோஸ் 10 நிறுவி, அதற்குள் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 வைத்திருக்கிறேன். பெட்டியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் என்னுடைய பழைய பிஎஸ்2-வில் இருந்தே எடுத்தது. கிராண்ட் டுரிஸ்மோ 4 வட்டும் என்னிடம் இருக்கிறது, அதை ஐஎஸ்ஓ (வட்டின் முழு நகல் கோப்பு) ஆக்கிக்கொண்டேன்.

மெனு வரை ஒழுங்காக வருகிறது. பந்தயம் தொடங்கியதும் நொடிக்கு 14, 15 ஃபிரேம்தான். சத்தம் வேறு பிய்ந்து பிய்ந்து கேட்கிறது. விஎம்-க்கு 8 ஜிபி ரேமும் 4 கோரும் ஒதுக்கியாயிற்று. முப்பரிமாண முடுக்கம் டிக் செய்திருக்கிறேன். வீடியோ மெமரி 128 எம்பிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. ரேமை 12 ஜிபி ஆக்கினால் சரியாகுமா? இல்லை, இந்த சிபியுவே போதாதா?

பழையகேசட்

ரேம் வேண்டவே வேண்டாம் தம்பி. பிஎஸ்2-வின் முதன்மை நினைவகமே 32 எம்பி. விண்டோஸுக்கு 4 ஜிபி, எமுலேட்டருக்குக் கொஞ்சம், அவ்வளவுதான்.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. பிசிஎஸ்எக்ஸ்2-க்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. லினக்ஸில் நிரல்கள் வரும் வடிவங்களான ஆப்இமேஜாகவும் கிடைக்கிறது, ஃபிளாட்பேக்காகவும் கிடைக்கிறது. அப்புறம் நடுவில் விண்டோஸ் எதற்கு?

நள்ளிரவு_கெர்னல்

கேசட் அண்ணன் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள், அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

பிசிஎஸ்எக்ஸ்2 அமைப்புகளில் திரை மேல் தகவல் பகுதிக்குப் போய், சிபியு பயன்பாட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் ஓடும்போது மூலையில் ஈஈ, ஜிஎஸ், வியு என்று மூன்று சதவீதங்கள் வரும். ஈஈ என்பது எமோஷன் எஞ்சின், அதாவது பிஎஸ்2-வின் முதன்மைச் செயலியைப் போலச் செய்யும் வேலை. ஜிஎஸ் என்பது படம் வரையும் வேலை, வியு என்பது துணைக் கணக்கு வேலை. எது 100-ஐ ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃப்9 அழுத்துங்கள். படம் வரையும் வேலை கிராபிக்ஸ் சில்லிடம் இருந்து சிபியுவுக்கு மாறும். வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்லுங்கள்.

சேவ்பாயின்ட்

செய்து பார்த்தேன் அண்ணே. ஈஈ 25க்கும் 30க்கும் நடுவில். ஜிஎஸ் 99, 100. எஃப்9 அழுத்தியதும் வேகம் 40 ஃபிரேம் வரை ஏறுகிறது! ஆனால் படம் அந்தக் காலத்து டிவி போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

விஎம் எதற்கு என்றால் இரண்டு காரணம். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாமே விண்டோஸில்தான் செய்து காட்டின. இன்னொன்று, இந்த மாதிரி விஷயங்களோடு வைரஸ் வரும் என்கிறார்கள். வீட்டில் அப்பாவின் வங்கிக் கணக்கு வேலையும் இதே கணினியில்தான் நடக்கிறது. எது வந்தாலும் விஎம்-க்குள்ளேயே செத்துப் போகட்டும் என்று நினைத்தேன்.

நள்ளிரவு_கெர்னல்

சிபியு மேல் குற்றம் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. கிராபிக்ஸ் சில்லிடம் வேலை கொடுத்தால் மெதுவாகிறது, சிபியுவே வரைந்தால் வேகமாகிறது. சாதாரணக் கணினியில் இது நேர்மாறாக இருக்கும்.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் 'விஎம் என்றால் எல்லாமே மெதுவாகும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எமுலேட்டரும் விஎம்-மும் செய்யும் வேலை வேறு வேறு. பிஎஸ்2-வின் செயலி மிப்ஸ் வகையைச் சேர்ந்தது, 294.9 மெகாஹெர்ட்ஸ். உங்கள் ரைசனுக்கு மிப்ஸ் கட்டளை ஒன்றுகூடப் புரியாது. அதனால் பிசிஎஸ்எக்ஸ்2 அவற்றை ஆட்டம் ஓடும்போதே எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றி எழுதுகிறது (எக்ஸ்86 என்பது இன்டெல், ஏஎம்டி சிபியுக்களின் மொழி). உண்மையான உழைப்பு அங்கேதான்.

விஎம் அப்படி எதையும் மாற்றுவதில்லை. விண்டோஸும் எக்ஸ்86, உங்கள் சிபியுவும் எக்ஸ்86. 2005 கடைசியில் இன்டெல், விஎம்-களுக்கு சிபியுவே உதவும் விடி-எக்ஸ் வசதியைக் கொண்டுவந்தது, 2006-இல் ஏஎம்டி தன்னுடையதைக் கொண்டுவந்தது. அதிலிருந்து கெஸ்டின் (விஎம்-க்குள் ஓடும் விண்டோஸ்) கட்டளைகள் பெரும்பாலும் நேராக சிபியுவிலேயே ஓடுகின்றன. நினைவக முகவரியை இரண்டு கட்டமாகத் தேட வேண்டியிருப்பதால் கொஞ்சம் நஷ்டம் உண்டு. நான்கு அடுக்குப் பக்க அட்டவணையில் சாதாரணமாக 4 முறை நினைவகத்தைத் தொட்டால் கிடைக்கும் முகவரிக்கு, விஎம்-க்குள் மோசமான நிலையில் 24 முறை தொட வேண்டிவரும். ஆனால் அது டிஎல்பி (அண்மையில் தேடிய முகவரிகளை சிபியு குறித்து வைக்கும் இடம்) தவறும்போது மட்டும். உங்கள் ஈஈ 30 சதவீதத்தில் நிற்பதைப் பார்த்தாலே தெரியும், அந்த நஷ்டம் உங்களைத் தொடவில்லை.

கிராபிக்ஸ் கதை வேறு. விஎம்-க்குள் இருக்கும் விண்டோஸின் கண்ணுக்கு உங்கள் ரைசனுக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ் சில்லு தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் ஒரு கற்பனைக் கார்டுதான் தெரியும். பிசிஎஸ்எக்ஸ்2 'இதை வரை' என்று விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ் 11-இல் சொன்னால், கெஸ்டில் உள்ள டிரைவர் அதைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகிறது. ஹோஸ்டில், அதாவது வெளியே இருக்கும் உங்கள் லினக்ஸில், டைரக்ட்எக்ஸ் கிடையாது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் 7 அதை டிஎக்ஸ்விகே என்ற மாற்றி வழியாக, லினக்ஸிலும் ஓடும் கிராபிக்ஸ் மொழியான வல்கனாக மாற்றி, அப்புறம்தான் உண்மையான சில்லிடம் கொடுக்கிறது. ஒவ்வொரு வரைதலுக்கும் இந்தச் சுற்று.

பிக்சல்பாண்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே விர்ச்சுவல்பாக்ஸில் நான் வேறு விண்டோஸ் ஆட்டங்கள் ஓட்டியிருக்கிறேன், ஓரளவு ஓடின. பிஎஸ்2-வுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? அது 2000-இல் வந்த பெட்டி!

நள்ளிரவு_கெர்னல்

அந்தப் பெட்டியின் வடிவமைப்பே காரணம். பிஎஸ்2-வின் கிராபிக்ஸ் சில்லுக்குள்ளேயே 4 எம்பி நினைவகம் பதித்திருந்தார்கள். அளவு சின்னது. ஆனால் வேகம் நொடிக்கு 48 ஜிபி. அதே 2000-இல் கணினிக்கு வந்த ஜிஃபோர்ஸ் 2 ஜிடிஎஸ் கார்டுக்கு நொடிக்கு 5.3 ஜிபிதான்.

கையில் இப்படி ஒரு வேகம் இருந்தால் ஆட்டம் எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா? வரைந்த படத்தின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். வரைந்து முடிக்காத திரையையே எடுத்து டெக்ஸ்சராக ஒட்டினார்கள். மங்கல், ஒளிவட்டம், வெப்ப அலை எல்லாம் அப்படிச் செய்தவைதான். பிஎஸ்2-வில் அதற்குச் செலவு மிகக் குறைவு. கணினியில் அதை அப்படியே காட்ட வேண்டுமானால் எமுலேட்டர் அடிக்கடி நிறுத்தி, நகல் எடுத்து, மறுபடி தொடர வேண்டும். ஒரு ஃபிரேமுக்குச் சின்னச் சின்ன வரைதல்கள் ஆயிரக்கணக்கில் போகும்.

சாதாரண விண்டோஸ் ஆட்டம் மாத மளிகையை ஒரே நடையில் வாங்கி வருகிறது. பிஎஸ்2 எமுலேட்டர் கடுகு ஒரு நடை, சீரகம் ஒரு நடை என்று கடைக்கு ஓடுகிறது. கடை பக்கத்து வீட்டில் இருக்கும் வரை இது உறைக்காது. விஎம் கடையை நாலு தெரு தள்ளி வைத்துவிடுகிறது.

அந்த 128 எம்பியை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அது இங்கே காரணமில்லை.

ஆமைவேகம்

நல்ல இழை, நானும் என் தலைவலியைச் சேர்த்துவிடுகிறேன். எனக்கு ஹோஸ்டே விண்டோஸ் 11. எமுலேட்டரைத் தனியாக வைக்க வேண்டும் என்று விர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு விண்டோஸ் போட்டேன். அந்த விஎம் சன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் தெரிகிறது. எனக்கு ஈஈயும் 100, ஜிஎஸ்ஸும் 100. சிபியு இன்டெல் ஐ5, 12ஆம் தலைமுறை.

நள்ளிரவு_கெர்னல்

ஆமையைச் சும்மா அழகுக்கு வைக்கவில்லை :) உங்கள் விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த விஎம் அமைப்பான ஹைப்பர்-வி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சிபியுவின் மெய்நிகராக்க வசதியை ஹைப்பர்-வி முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கெஞ்சி வாங்கி ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஈஈயும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சேவ்பாயின்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் ஹோஸ்ட் லினக்ஸ்.

'நான் ஹைப்பர்-வியை இயக்கவே இல்லையே' என்பீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2 இருந்தால் அது வந்துவிடும். டாக்கர் டெஸ்க்டாப் போட்டிருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் விண்டோஸ் பாதுகாப்பில் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய கணினிகளில் பலவற்றில் அது முதலிலிருந்தே இயங்கும் நிலையில்தான் வருகிறது.

பிக்சல்பாண்டி

மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டு, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். ஆமை ஓடிப்போய்விடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டுசர்வர்

பாண்டி, அவர் விஎம் போட்டதே பாதுகாப்புக்காக. அந்த விஎம் வேகமாக ஓட வேண்டும் என்று ஹோஸ்டின் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறீர்கள். விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் கெட்ட டிரைவர் நுழையாமல் தடுப்பது அந்த அமைப்புதான். ஒரு ஆட்டத்துக்காகவா?

பிக்சல்பாண்டி

ஆட்டத்துக்காக மட்டும் கணினி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் சார். வங்கி வேலை எல்லாம் எனக்குக் கைபேசியில்.

வீட்டுசர்வர்

அது உங்கள் கணினி, உங்கள் முடிவு. ஆமைவேகத்துக்கு நான் சொல்வது இது: விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற தற்காலிக விஎம் உள்ளேயே இருக்கிறது. அது ஹைப்பர்-வியின் மேல்தான் ஓடுகிறது, அதனால் எதையும் அணைக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் போல ஒரு கற்பனைக் கார்டைக் காட்டாமல், ஹோஸ்டின் கிராபிக்ஸ் கார்டையே பகிர்ந்து தரும் விஜிபியு வசதி அதில் உண்டு. டபிள்யுஎஸ்பி அமைப்புக் கோப்பில் அதை இயக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம். சாண்ட்பாக்ஸை மூடினால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், மெமரி கார்டு உட்பட. அதே கோப்பில் ஹோஸ்டில் உள்ள ஒரு கோப்புறையை இணைத்து, சேமிப்புகளை அங்கே போகும்படி செய்யுங்கள். ஐஎஸ்ஓ கோப்புறையைப் படிக்க மட்டும் என்று இணையுங்கள். ஹோம் பதிப்பில் சாண்ட்பாக்ஸ் இல்லை.

ஆமைவேகம்

ப்ரோதான் சார். இன்று இரவு முயன்று பார்க்கிறேன்.

சேவ்பாயின்ட்

அண்ணே, கிராபிக்ஸ் சில்லையே விஎம்-க்குத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று எங்கோ படித்தேன். பாஸ்த்ரூ என்கிறார்களே, அதைச் செய்தால் வேகம் முழுதாகக் கிடைக்குமா?

வீட்டுசர்வர்

கிடைக்கும். ஆனால் உங்கள் கணினியில் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் என் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். விஎம்-க்குள் எமுலேட்டர் ஓட்டுவதில் அர்த்தம் உண்டு என்று நம்பும் ஆள் நான்.

என்னிடம் ஒரே ஒரு பெட்டி, அதில் விஎம்-களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ். அடியில் ஓடுவது லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம்தான். கோப்பு சேமிப்பு ஒரு விஎம், கேமரா பதிவு ஒரு விஎம், ஆட்டத்துக்கு ஒரு விஎம். ஆட்ட விஎம்-க்குத் தனியாக ஒரு ஜிஃபோர்ஸ் கார்டு. அந்தக் கார்டை ஹோஸ்ட் தொடுவதே இல்லை. கணினி எழும்போதே விஎஃப்ஐஓ டிரைவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விஎம் எழுந்ததும் அப்படியே கொடுத்துவிடும். கெஸ்டில் உள்ள விண்டோஸுக்கு அது நிஜக் கார்டு. என்விடியாவின் சாதாரண டிரைவரைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. நடுவில் பொட்டலம் கட்டும் வேலையே கிடையாது. படத்தை சன்ஷைன் என்ற நிரல் அனுப்புகிறது, கூடத்து டிவியில் மூன்லைட் வாங்கிக் காட்டுகிறது. பிஎஸ்2, கேம்கியூப், வீ எல்லாம் முழு வேகம்.

இதற்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். முதலில் கணினியின் பயாஸில் ஐஓஎம்எம்யு, அதாவது சாதனங்களைப் பிரித்து விஎம்-க்குக் கொடுக்க உதவும் வசதி. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-வி ஐ. விடி-எக்ஸ் வேறு, விடி-டி வேறு. முன்னது சிபியுவைப் பகிர்வதற்கு, பின்னது சாதனங்களை விஎம்-க்குக் கொடுப்பதற்கு. அடுத்து ஐஓஎம்எம்யு குழுக்கள். ஒரு குழுவில் இருக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும். சிபியுவோடு நேராக இணைந்த முதல் ஸ்லாட் பெரும்பாலும் தனிக் குழுவாக இருக்கும். மலிவு மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாகப் போகும். அங்கே நெட்வொர்க், சாட்டா, யுஎஸ்பி எல்லாம் ஒரே குழுவில் கிடக்கும். கார்டைக் கொடுக்கப்போனால் ஹோஸ்டின் இணையமும் சேர்ந்து போய்விடும்.

ஜிஃபோர்ஸ் கார்டுகளில் முன்பு இன்னொரு கூத்து இருந்தது. விஎம்-க்குள் இருப்பதை டிரைவர் மோப்பம் பிடித்து, 'கோட் 43' என்று சொல்லி நின்றுவிடும். விஎம் என்பதையே மறைத்து வைக்கும் வித்தைகளுக்கு அந்தக் காலத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார்கள். 2021-இல் 465 வரிசை டிரைவரோடு என்விடியாவே அதை அனுமதித்துவிட்டது. ரேடியான் பக்கம் வேறு வியாதி: ஆர்எக்ஸ் 500, வேகா, 5000 வரிசைகளில் விஎம்-மை நிறுத்தி மறுபடி தொடங்கினால் கார்டு எழாது, ஹோஸ்டையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு கெர்னல் மாட்யூல் உண்டு, எல்லா நேரமும் கைகொடுக்காது.

பலர் கவனிக்காமல் விடும் இடம், விஎம்-க்குக் காட்டும் சிபியு வகை. ப்ராக்ஸ்மாக்ஸில் முன்பு முன்னிருப்பாக வந்தது 'கேவிஎம்64'. பிசிஎஸ்எக்ஸ்2-க்குக் கட்டாயமான எஸ்எஸ்ஈ 4.1 என்ற சிபியு கட்டளைத் தொகுப்பு அதில் கிடையாது, எமுலேட்டர் திறக்கவே திறக்காது. ஹோஸ்டில் அதே பைல் திறக்கும், விஎம்-க்குள் திறக்காது, ஆள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். 8.0-இல் முன்னிருப்பை 'எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ்' என்று மாற்றினார்கள். அதில் எஸ்எஸ்ஈ 4.2 வரை உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. அதனால் திறக்கும், ஆனால் முழு வேகம் வராது. சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். விர்ட்-மேனேஜர் என்ற விஎம் நிரலில் இதே அமைப்புக்கு 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' என்று பெயர்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் ஒரே ஒரு வேகா சில்லு. அதை விஎம்-க்குக் கொடுத்தால் லினக்ஸுக்குத் திரையே இருக்காது. இன்னொரு கார்டு வாங்கினால்தான் பாஸ்த்ரூவுக்கு அர்த்தம். அப்படி ஒரு கார்டு வாங்குவதாக இருந்தால் அதை நேராக லினக்ஸிலேயே பயன்படுத்திவிட்டுப் போகலாமே.

பழையகேசட்

நான் இரண்டாவது பதிவில் கேட்டதையே சர்வர் சார் நாற்பது வரியில் கேட்கிறார் :)

ஆப்பிள்தோட்டம்

எனக்கு மேக், எம்1 சில்லு. மேக்கில் விஎம் ஓட்டும் பேரலல்ஸில் விண்டோஸ் 11 போட்டு பிசிஎஸ்எக்ஸ்2 முயன்றேன், ஆமைவேகத்தின் ஆமையே தேவலாம் போல. எம்1 வேகமான சில்லு என்கிறார்களே?

நள்ளிரவு_கெர்னல்

சில்லு வேகமானதுதான், பாதைதான் பொல்லாதது. எம்1 ஆர்ம் வகை, எக்ஸ்86 அல்ல. பேரலல்ஸில் நீங்கள் போட்டது ஆர்முக்கான விண்டோஸ், அதுவரை சரி. பிசிஎஸ்எக்ஸ்2-வோ எக்ஸ்86 நிரல். அது மிப்ஸ் கட்டளைகளை எக்ஸ்86 ஆக எழுதித் தள்ளுகிறது, விண்டோஸ் அந்த எக்ஸ்86-ஐ மறுபடி ஆர்மாக மாற்றுகிறது. சாதாரண நிரல் என்றால் ஒரு முறை மாற்றியதைச் சேமித்து வைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். எமுலேட்டர் எழுதும் கட்டளைகள் ஆட்டம் ஓடும்போதே பிறப்பவை, ஒவ்வொரு முறையும் அங்கேயே மாற்ற வேண்டும். கிராபிக்ஸ் பொட்டலம் இதற்கு மேல்.

பிசிஎஸ்எக்ஸ்2-க்கு மேக் பதிப்பே இருக்கிறது. அதுவும் எக்ஸ்86தான், ஆனால் ஆப்பிளின் எக்ஸ்86 மாற்றியான ரொசெட்டா 2 வழியாக ஓடுகிறது. விஎம்-மும் விண்டோஸும் நடுவில் இல்லாததால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேம்கியூப், வீ ஆட்டங்கள் என்றால் டால்ஃபின் எமுலேட்டருக்கு 2021 முதல் எம்1-க்கென்றே தனிப் பதிப்பு உண்டு. அது மிப்ஸும் அல்ல, கேம்கியூபில் இருப்பது பவர்பிசி. அதிலிருந்து நேரே ஆர்முக்கு மாற்றுகிறது, நடுவில் எக்ஸ்86 வருவதே இல்லை.

பிக்சல்பாண்டி

பிஎஸ்2-வை விடுங்கள். பழைய பெட்டிகள் என்றால் விஎம்-க்குள் அருமையாக ஓடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸில் பழைய கன்சோல் எமுலேட்டர்கள் அடங்கிய லினக்ஸான படோசெரா போட்டு மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, பிஎஸ்1 எல்லாம் ஓட்டுகிறேன். ஒரு ஃபிரேம்கூட விழவில்லை.

பழையகேசட்

அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சிபியுவே வரைந்துவிடும், கிராபிக்ஸ் கார்டு எதற்கு? சூப்பர் நின்டெண்டோவின் செயலி உச்சத்தில் 3.58 மெகாஹெர்ட்ஸ்.

ஆனால் ஃபிரேம் விழாததும் ஆடுவதற்கு நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. பொத்தானை அழுத்தியதற்கும் குதிப்பதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம்? கன்ட்ரோலர் ஒரு சுற்று சுற்றி உள்ளே போகிறது, படம் ஒரு சுற்று சுற்றி வெளியே வருகிறது, சத்தம் கற்பனை ஒலிக்கார்டின் வரிசையில் காத்திருந்து வருகிறது. நிதானமாக ஆடும் ஆர்பிஜிக்குத் தெரியாது. பிளாட்ஃபார்ம் ஆட்டம் ஆடுங்கள், விளிம்பில் குதிக்கும்போது தெரியும். சத்தம் கரகரத்தால் எமுலேட்டரின் ஒலித் தாமதத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் கரகரப்பு போகும், தாமதம் வரும்.

படோசெரா பிடித்திருந்தால் அதை ஒரு பென் டிரைவில் எழுதி நேராக அதிலிருந்தே கணினியை எழுப்புங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாது. கிராபிக்ஸ் சில்லு முழுதாக அதன் கையில்.

பிக்சல்பாண்டி

தாமதம் பற்றிச் சொல்வதை நான் ஏற்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பென் டிரைவ் யோசனை நன்று. என்னுடைய ப்ளூடூத் கன்ட்ரோலர் விஎம்-க்குள் தெரியாமலே இருக்கிறது, அதற்கு வழி உண்டா? ஹோஸ்ட் உபுண்டு.

வீட்டுசர்வர்

கன்ட்ரோலரை அனுப்ப முடியாது, ப்ளூடூத் டாங்கிளை யுஎஸ்பி சாதனமாக முழுதாக அனுப்ப வேண்டும். விஎம்-க்குள் போய் அங்கே இணைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஹோஸ்டில் ப்ளூடூத் இருக்காது. சாதனப் பட்டியலே காலியாகத் தெரிந்தால் உங்கள் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இல்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். யுஎஸ்பி 2, 3-க்கு முன்பு எக்ஸ்டென்ஷன் பேக் தேவைப்பட்டது. 7.0-இலிருந்து அது அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது.

மட்டுறுத்துநர்

நடுவில் ஒருவர் பயாஸ் கோப்பும் ஐஎஸ்ஓக்களும் கிடைக்கும் தளத்தின் இணைப்பைப் போட்டிருந்தார், நீக்கியிருக்கிறேன். எமுலேட்டரைப் பற்றி இங்கே தாராளமாகப் பேசலாம். சோனி, கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பிஎஸ்1 எமுலேட்டர் மீது தொடுத்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. கன்சோலின் பயாஸ் கோப்பு வேறு விஷயம், அது நிறுவனத்தின் சொத்து. உங்கள் பெட்டியில் இருந்து நீங்களே எடுங்கள். இன்னொருவர் தனிமடலில் யூசு (நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டர்) பற்றிக் கேட்டார்: 2024 மார்ச்சில் நின்டெண்டோவுடன் 24 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். பழைய பதிப்பு என்று சொல்லி யாராவது பைல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டுசர்வர்

மட்டுறுத்துநர் கடைசியாகச் சொன்னதுதான் சேவ்பாயின்டின் பயத்துக்கான பதில். பிசிஎஸ்எக்ஸ்2, டால்ஃபின் எல்லாம் திறமூலம். அவர்களுடைய தளத்தில் இருந்தோ ஃபிளாட்பேக் நிரல்கள் கிடைக்கும் ஃபிளாட்ஹப்பில் இருந்தோ எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. வைரஸ் வருவது 'பயாஸ் பேக்' என்ற பெயரில் இறங்கும் எக்ஸி கோப்பில், அல்லது பாஸ்வேர்டு போட்டு மூடிய ஜிப்பில். பயாஸ் என்பது ஒரு தரவுக் கோப்பு, ஓடக்கூடிய நிரலாக வரவே கூடாது.

இன்னொன்று கேட்கிறேன் தம்பி: அந்த விஎம்-க்கும் லினக்ஸுக்கும் நடுவில் பகிர்ந்த கோப்புறை இருக்கிறதா? கிளிப்போர்டு இரு பக்கமும் திறந்திருக்கிறதா?

சேவ்பாயின்ட்

ஆமாம் சார். ஐஎஸ்ஓ உள்ளே போக வேண்டுமே என்று முழு ஹோம் கோப்புறையையும் பகிர்ந்திருக்கிறேன், எழுதும் அனுமதியோடு. கிளிப்போர்டும் திறந்திருக்கிறது.

வீட்டுசர்வர்

அப்படியானால் உள்ளே ரான்சம்வேர் வந்தால் அப்பாவின் கோப்புகளைப் பூட்டுவதற்கு அது விஎம்-மை உடைத்து வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. அப்பா நகல் எடுக்கும் பாஸ்வேர்டும் உள்ளே தெரியும். உடனே இரண்டையும் மூடுங்கள்.

நள்ளிரவு_கெர்னல்

ஃபிளாட்பேக்கில் போட்டால் எந்தக் கோப்புறையைத் தொடலாம் என்பதை நீங்களே கட்டுப்படுத்தலாம். ஃபிளாட்சீல் என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் ஐஎஸ்ஓ கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதித்து மற்றதை எடுத்துவிடுங்கள். விஎம் அளவுக்குக் கெட்டியான சுவர் இல்லை என்பது உண்மை. ஆனால் வாசலைத் திறந்து போட்ட விஎம்-மை விட இது எவ்வளவோ மேல். அப்பாவின் வங்கி வேலைக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றும் உருவாக்கிக்கொடுங்கள்.

பிசிஎஸ்எக்ஸ்2-வின் ரெண்டரரை (படம் வரையும் முறை) வல்கன் என்று வையுங்கள். 5600ஜியில் பிஎஸ்2-வின் அசல் தெளிவுத்திறனில் இருந்து தொடங்கி 2 மடங்கு, 3 மடங்கு என்று ஏற்றிப் பாருங்கள். ஜிஎஸ் எங்கே 100-ஐத் தொடுகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சில்லுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமையே பகிர்கிறது. அதனால் ஒற்றை ரேம் குச்சியா, இரட்டையா என்பது பெரிய வித்தியாசம் செய்யும்.

சேவ்பாயின்ட்

பகிர்வை மூடிவிட்டேன். ஃபிளாட்பேக்கில் போட்டேன். அதே ஆட்டம், அதே பந்தயம், 2 மடங்கு தெளிவில் 60-ஐ விட்டு இறங்கவே இல்லை! ரேம் இரட்டைக் குச்சிதான், 8+8.

கடைசியாக ஒன்று. விஎம்-க்குள் ஆடியதில் உரிமத் தேர்வுகள் பாதி முடித்துவிட்டேன். அந்தச் சேமிப்பை இங்கே கொண்டுவர முடியுமா?

பழையகேசட்

முடியும். விஎம்-மில் ஆவணங்கள் கோப்புறைக்குள் பிசிஎஸ்எக்ஸ்2, அதற்குள் மெம்கார்ட்ஸ் என்று இருக்கும். அதில் பிஎஸ்2 என்று முடியும் 8 எம்பிக் கோப்புதான் உங்கள் மெமரி கார்டு. அதை மட்டும் நகலெடுங்கள். ஃபிளாட்பேக்கின் கோப்புறை ஹோமில் புள்ளியில் தொடங்கும் வார் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும், கண்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் தெரியும். எமுலேட்டர் மூடியிருக்கும்போது அங்கே போடுங்கள்.

ஆட்டத்தின் அந்த நொடியை எமுலேட்டர் அப்படியே சேமிக்கும் சேவ் ஸ்டேட் கோப்புகளைத் தூக்கி வராதீர்கள். இரண்டு பக்கமும் பதிப்பு வேறாக இருந்தால் அவை திறக்காமல் போகலாம். ஆட்டத்துக்குள்ளேயே மெமரி கார்டில் சேமித்தது எந்தப் பதிப்பிலும் போகும்.

ஆமைவேகம்

சாண்ட்பாக்ஸில் ஓடுகிறது சர்வர் சார், விஜிபியு இயக்கியதும் ஜிஎஸ் 40க்கு வந்துவிட்டது. ஆனால் கன்ட்ரோலர் உள்ளே தெரியவில்லை. சாண்ட்பாக்ஸுக்கு யுஎஸ்பி அனுப்ப அமைப்பு எதுவும் காணோமே?

வீட்டுசர்வர்

இல்லை, அதில் யுஎஸ்பி பாஸ்த்ரூ கிடையாது. ஹோஸ்டில் கன்ட்ரோலர் பொத்தான்களை விசைப்பலகை எழுத்துகளாக மாற்றும் நிரல் ஒன்றைப் போடுங்கள், ஆன்டிமைக்ரோஎக்ஸ் போதும். சாண்ட்பாக்ஸ் சன்னல் முன்னால் இருக்கும்போது அந்த எழுத்துகள் உள்ளே போகும். ஆனால் அனலாக் குச்சி இதில் பாதி வளைவு, முழு வளைவு என்று பிரிக்காது. சண்டை ஆட்டத்துக்குச் சரி, கார் ஓட்டத் தோதுப்படாது.